யார் கண்ணால் பார்த்தது?

2018-ஆம் ஆண்டு மே மாதம். பெங்களூரில் ஒரு பேச்சு பரவியது. "பிள்ளை பிடிப்பவர்கள் ஊருக்குள் வந்துவிட்டார்கள்" என்றார்கள். கைபேசிகளில் ஒரு படமும் வந்தது. மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் ஒரு குழந்தையைத் தூக்கிச் செல்லும் படம்.

அது பெங்களூரில் எடுத்த படம் அல்ல. பாகிஸ்தானின் கராச்சி நகரில் எடுத்தது. குழந்தைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, நடித்து எடுத்த படம். கடைசியில் குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். அந்தப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். செய்தி பொய் என்று போலீசார் சொன்னார்கள். ஆனாலும் பயம் போகவில்லை.

மே 23-ஆம் தேதி சாமராஜப்பேட்டையில் ஓர் இளைஞர் நடந்து போனார். ராஜஸ்தானிலிருந்து வேலை தேடி வந்தவர். சிலர் அவரைச் சந்தேகப்பட்டார்கள். கூட்டம் கூடியது. கையைக் கட்டி அடித்தார்கள். அவர் இறந்துபோனார். போலீசார் பலரைக் கைது செய்தார்கள்.

அதே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்திலும் இப்படி நடந்தது. கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டி குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். அன்பாகக் கொடுத்த மிட்டாய், பயந்த கண்களுக்கு வலையாகத் தெரிந்தது. அவரையும் அடித்தே கொன்றார்கள்.

ஏன் இப்படி நடக்கிறது?

தெரியாத ஆள் வருகிறார். அவர் நல்லவரா, கெட்டவரா? நமக்குத் தெரியாது. உடனே அவருடைய உடையைப் பார்க்கிறோம். பேச்சைக் கவனிக்கிறோம். வேறு பாஷை என்றால் சந்தேகம் வருகிறது. பிறகு பக்கத்தில் நிற்பவரின் முகத்தைப் பார்க்கிறோம். "இவர் கோபமாக இருக்கிறார். இவருக்கு விஷயம் தெரிந்திருக்கும்" என்று நினைக்கிறோம். அவரும் நம்மைப் பார்த்து அப்படியே நினைக்கிறார். உண்மையில் யாருக்கும் ஒன்றும் தெரியாது!

ஒரு சோதனை

சாலமன் ஆஷ் என்ற அறிஞர் 1950-களில் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார். ஒரு கோட்டைக் காட்டினார். வேறு மூன்று கோடுகளையும் காட்டினார். "இதே நீளம் உள்ள கோடு எது?" என்று கேட்டார். சுலபமான கேள்விதான். ஆனால் கூட இருந்தவர்கள் முன்பே பேசிவைத்தபடி தவறான பதில் சொன்னார்கள். சோதனைக்கு வந்தவர்களில் நான்கில் மூன்று பேர், ஒரு முறையாவது அந்தத் தவறான பதிலையே சொன்னார்கள். "கேலி செய்வார்களோ" என்ற பயம் சிலருக்கு.

வேறொரு முறை, கூட இருந்தவர்களில் ஒரே ஒருவர் சரியாகச் சொன்னார். அதைக் கேட்டதும் மற்றவருக்கும் தைரியம் வந்தது. தவறு மிகவும் குறைந்துபோனது.

நாம் என்ன செய்யலாம்?

கூட்டம் கூடினால், "யார் கண்ணால் பார்த்தது? எந்தக் குழந்தையைக் காணோம்?" என்று கேளுங்கள். ஒருவர் கேட்டால் இன்னும் நாலு பேர் கேட்பார்கள். கேட்கப் பயமாக இருந்தால் சற்றுத் தள்ளி நின்று 112-க்குப் போன் செய்யுங்கள். குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098 எண் இருக்கிறது. விசாரிப்பது போலீசாரின் வேலை. அடிப்பது யாருடைய வேலையும் அல்ல.

நம் வீட்டுப் பிள்ளையும் வேலை தேடி வெளியூர் போகிறான். அந்த ஊரில் அவனும் தெரியாத ஆள்தான்.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் தெருவில் பரவிய வதந்தி எது? அதை முதலில் சொன்னவர் யார் என்று தெரியுமா?
2. தெரியாத ஆள் தெருவுக்கு வந்தால் அவரிடம் எப்படிப் பேசுவீர்கள்?