மண்ணிலுள்ள உயிர்களைக் கணக்கிடும் புதுமுறை

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களில் மலையடிவாரச் செம்மண்ணில் மாவும் தென்னையும், கண்மாய்ப் பாசனத்தில் நெல்லும், கிழக்கே கரிசலில் பருத்தியும் பயிராகின்றன. உரச் செலவு ஏறிக்கொண்டே போக, மகசூல் அதற்கேற்ப உயரவில்லையே என்று கேட்கும் சிறு விவசாயிகள் பலர். மண் வள அட்டையைப் பார்த்தால் பெரிய குறை எதுவும் தெரிவதில்லை.

2015-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மண் வள அட்டைத் திட்டத்தில் 12 விவரங்கள் தரப்படுகின்றன. தழை, மணி, சாம்பல் சத்துக்கள், கந்தகம், நுண்ணூட்டங்கள், கார அமில நிலை, உப்பு நிலை, கரிமச் சத்து ஆகியவை அதில் அடங்கும். ஆனால் இச்சத்துக்களைப் பயிர் உண்ணும்படி மாற்றித் தரும் நுண்ணுயிர்கள் எவ்வளவு உள்ளன என்பது அதில் இராது. அதை அறிய விஞ்ஞானிகள் கையாளும் முறைகளுள் ஒன்று கொழுப்பு அமிலப் பகுப்பாய்வு.

கொழுப்பில் என்ன தெரியும்?

மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடுகிறது, நல்லெண்ணெய் உறைவதில்லை. இரண்டிலும் உள்ள கொழுப்பு அமிலங்கள் வேறு வேறாக இருப்பதே காரணம். நுண்ணுயிர்களும் இப்படித்தான். ஒவ்வோர் உயிரணுவையும் சுற்றி, மணிச்சத்து கலந்த கொழுப்பாலான மெல்லிய சவ்வு உள்ளது. பாக்டீரியாவின் சவ்வில் ஒருவகைக் கொழுப்பு அமிலங்களும், பூசணத்தின் சவ்வில் வேறு வகையும் மிகுதி. மழை பெய்ததும் எழும் மண்வாசனைக்குக் காரணமான ஆக்டினோமைசீட்ஸ்களுக்கும், வேரோடு கூடி வாழும் வேர் உட்பூசணத்திற்கும் தனித்தனி அடையாளங்கள் உண்டு.

நுண்ணுயிர் இறந்ததும் இந்தச் சவ்வுக் கொழுப்பு விரைவில் சிதைந்துவிடும். ஆகவே மண்ணிலிருந்து கிடைக்கும் இக்கொழுப்பின் அளவு, உயிரோடு இருக்கும் நுண்ணுயிர்களின் அளவைக் காட்டுகிறது. தட்டுகளில் வளர்த்து எண்ணும் பழைய முறையில், மண்ணிலுள்ளவற்றில் மிகச் சிறு பங்கே வளரும். மற்றவை கணக்கில் வாரா.

சோதனை நடப்பது எப்படி?

சில கிராம் மண்ணைக் குளோரோபார்ம், மெத்தனால் கலவையில் குலுக்கிக் கொழுப்பைப் பிரிக்கின்றனர். இவ்வாறு பிரிக்கும் முறையை 1959-இல் கனடா நாட்டு விஞ்ஞானிகள் பிளை, டயர் ஆகியோர் மீன் தசையிலுள்ள கொழுப்பை எடுப்பதற்காக வெளியிட்டனர். அதுவே பின்னர் மண்ணுக்கும் பயன்பட்டது. பிரித்த கொழுப்பு அமிலங்களைக் கேஸ் குரோமட்டோகிராப் என்னும் கருவி வகைவாரியாக அளந்து காட்டும்.

சாதாரண மண் பரிசோதனைக்கு மண்ணை நிழலில் உலர்த்தி அனுப்புகிறோம். இதற்கு அது உதவாது. மண் எடுத்தவுடன் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து உறைய வைக்க வேண்டும். வேர்த்துண்டுகளையும் பொறுக்கிவிட வேண்டும். பூசணத்தைக் காட்டும் கொழுப்பு அமிலம் பயிர் வேரிலும் இருப்பதால் கணக்குத் தவறிவிடும். இன்ன இனம் என்று பெயர் சொல்லவும் இம்முறையால் இயலாது. பெரும் பிரிவுகளின் அளவை மட்டுமே சொல்லும். ஆராய்ச்சிக்கு உரிய இச்சோதனைக்காகச் சிறு விவசாயி பணம் செலவிட வேண்டியதில்லை.

கோவை கூறும் பாடம்

கோவையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் 1909-ஆம் ஆண்டு தொடங்கிய நிரந்தர உரச் சோதனை வயல் உள்ளது. அங்கு ஆண்டுதோறும் தொழு உரம் இட்டு வந்த பாத்திகளில், எருவே இடாத பாத்திகளைவிடக் கரிமச் சத்தும் நுண்ணுயிர்களும் மிகுந்துள்ளன. நுண்ணுயிர்களுக்கு இரை கரிமப் பொருளே. இரை இல்லாத மண்ணில் எந்த நுண்ணுயிரும் நிலைக்காது.

வயலிலேயே ஒரு சோதனை

நெசவுக்குப் பேர்போன இப்பகுதியில் எளிதில் கிடைக்கும் வெளுக்காத காடாத் துணியே போதும். ஒரே அளவில் இரு துண்டுகள் வெட்டி, எரு இட்ட பாத்தியில் ஒன்றும், இடாத பாத்தியில் ஒன்றும், ஒரே நாளில் அரையடி ஆழத்தில் புதைத்து முளை அடிக்கவும். இரண்டு பாத்திகளிலும் ஈரம் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து எடுத்து அலசி, இழுத்துப் பார்க்கவும். எது எளிதில் கிழிகிறதோ, அம்மண்ணில் நுண்ணுயிர்கள் சுறுசுறுப்பாக உள்ளன எனக் கொள்ளலாம். செம்மண்ணில் கரையான் அரித்திருந்தால் அச்சோதனையைத் தள்ளிவிட்டு, வேறிடத்தில் மீண்டும் செய்ய வேண்டும்.

செய்ய வேண்டியவை

* ஏக்கருக்கு 5 டன் நன்கு மக்கிய தொழு உரத்தைக் கடைசி உழவில் இடவும். அவ்வளவு கிடைக்காவிட்டால், இருப்பதைத் தோட்டம் முழுவதும் தூவாமல் ஆண்டுக்கு ஒரு பகுதியாக இட்டு வரலாம்.

* நெல் நடவுக்கு முன் தக்கைப்பூண்டு அல்லது சணப்பு விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழவும்.

* கரும்புச் சோகை, வைக்கோல், தென்னை மட்டை ஆகியவற்றைக் கொளுத்தாமல் மக்க வைக்கவோ மூடாக்காக இடவோ செய்யலாம்.

* நெல்லுக்கு ஏக்கருக்கு அசோஸ்பைரில்லம் 4 பாக்கெட், பாஸ்போபாக்டீரியா 4 பாக்கெட் (பாக்கெட் 200 கிராம்) எடுத்து, 10 கிலோ தொழு உரம், 10 கிலோ மண்ணுடன் கலந்து நடவுக்கு முன் தூவவும். இரசாயன உரத்துடனோ பூச்சிமருந்துடனோ சேர்க்கக் கூடாது.

"மண்ணுக்கு உயிரூட்டும்" என்று சொல்லி விற்கப்படும் திரவங்களை வாங்குமுன் உறையைப் படிக்கவும். 2006 முதல் உயிர் உரங்கள் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் உள்ளன. நுண்ணுயிரின் பெயர், எண்ணிக்கை, காலாவதி நாள் ஆகியவை குறிக்கப்படாத சரக்கை வாங்குவது வீண் செலவு. அப்பணத்திற்கு இரண்டு வண்டி எரு வாங்கி இட்டால், மண்ணில் ஏற்கெனவே உள்ள உயிர்களே பெருகிப் பயிருக்கு உதவும்.