ஜகார்த்தாவில் கோல் காத்த தங்கராஜ்

பீட்டர் தங்கராஜ் 1935 டிசம்பர் 24 அன்று ஐதராபாத்தில் பிறந்தார். செகந்திராபாத்தின் சிறு கிளப்புகளில் பந்தாடத் தொடங்கியபோது அவர் கோல் போடும் ஆட்டக்காரர், சென்டர் ஃபார்வர்டு. 1953-ல் ராணுவத்தில் சேர்ந்து, குன்னூரை அடுத்த வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்துக்கு வந்தார். ஆறடி மூன்று அங்குல உயரக்காரரான அவரைக் கோல் கம்பங்களுக்கு நடுவே நிறுத்தியது ராணுவம்தான். அடுத்த இரண்டே ஆண்டில், 1955-ல், மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தின் அணி டூரண்ட் கால்பந்துக் கோப்பையை வென்றது. 1958-ல் மறுபடியும் வென்றது.

அன்றைய இந்தியக் கால்பந்து ஒரு பெரிய அடியிலிருந்து எழுந்துகொண்டிருந்தது. 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்ற அணி அது. பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினார்கள். நான்கே ஆண்டு கழித்து மெல்போர்னில் இந்தியா அரையிறுதிவரை போய் நான்காம் இடம் பிடித்தது. ஒலிம்பிக் கால்பந்து அரையிறுதியைத் தொட்ட முதல் ஆசிய நாடு இந்தியாதான். அந்த அணியில் இருந்த தங்கராஜுக்கு வயது இருபது. 1958-ல் ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது. 1960 ரோம் ஒலிம்பிக்குக்கும் போனார்.

அவருடைய பலம் உயரப் பந்து. கார்னரிலிருந்து வளைந்து வரும் பந்தை, கூட்டத்துக்கு மேலே எழும்பி இரு கையாலும் பறித்துவிடுவார். ரப்பர் பூசிய பெரிய கையுறைகள் வழக்கத்துக்கு வராத காலம் அது. அவற்றைப் பரவச் செய்தவர்களில் முக்கியமானவர், 1974-ல் உலகக் கோப்பை வென்ற ஜெர்மனியின் செப் மையர். தங்கராஜ் தலைமுறைக்கு விரல்களே கவசம். பிடித்த பந்தை உதைத்தால் அது நடுக்கோட்டைத் தாண்டிப் போய் விழும். கோலைக் காத்த அதே நொடியில் எதிர்த்தாக்குதலும் தொடங்கிவிடும்.

தேனி மாவட்டம் பெரியகுளத்தில் கோடைதோறும் நடக்கும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டியைப் பார்த்தவர்களுக்கு, உயரப் பந்தைப் பறிக்கும் இந்த வித்தையை விளக்கத் தேவையில்லை. வளையத்தில் பட்டுத் தெறிக்கும் பந்துக்கு எப்போது எழும்புவது என்ற கணக்குதான் கோல்கீப்பருக்கும். அதே மாவட்டத்தின் கம்பம், போடி ஊர்களில் ராணுவத் தேர்வுக்காக விடியலில் ஓடிப் பழகும் பையன்களில் உயரமானவர்கள் இருக்கிறார்கள். மைதானத்தில் அவர்களைக் கவனித்து, “நீ கோலுக்கு வா” என்று கூப்பிட ஒரு பயிற்சியாளர் வேண்டும். வெலிங்டனில் தங்கராஜுக்குக் கிடைத்தது அதுதான். அது கிடைத்திராவிட்டால் அவர் சாதாரண ஃபார்வர்டாகவே ஓய்ந்திருக்கக்கூடும்.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுதான் அவர் வாழ்வின் உச்சம். முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 2-0 என்று தோல்வி. அடுத்த ஆட்டங்களில் பிரத்யுத் பர்மன் கோல் காத்தார். இந்தியா வரிசையாக வென்று இறுதிக்கு வந்தது. வென்றுகொண்டிருக்கும் அணியில் கோல்கீப்பரை மாற்ற எந்தப் பயிற்சியாளரும் தயங்குவார். சையது அப்துல் ரஹீம் தயங்கவில்லை. செப்டம்பர் 4 அன்று, அதே தென் கொரியாவுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் தங்கராஜையே இறக்கினார்.

அரங்கம் முழுக்க இந்தியாவுக்கு எதிராக இரைந்தது. இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் விசா மறுக்கப்பட்டதை இந்திய விளையாட்டு நிர்வாகி ஜி.டி. சோந்தி கண்டித்ததால் உள்ளூர் மக்களுக்குக் கோபம். அந்தக் கூச்சலுக்கு நடுவே பி.கே. பானர்ஜி ஒரு கோல், தலையில் தையலோடு ஆடிய ஜர்னைல் சிங் ஒரு கோல் போட்டார்கள். கொரியா கடைசிக் கட்டத்தில்தான் ஒன்றைத் திருப்பியது. 2-1, தங்கம் இந்தியாவுக்கு. புற்றுநோயோடு போராடிய ரஹீம் அடுத்த ஆண்டே மறைந்தார்.

கொல்கத்தாவில் முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்ற மூன்று பெரிய கிளப்புகளுக்கும் தங்கராஜ் ஆடினார். ஒன்றையொன்று ஜென்மப் பகையாக நினைக்கும் ரசிகர்களுக்கு நடுவே மூன்று வாசலும் ஒருவருக்குத் திறந்தது சாதாரண விஷயமல்ல. 1966 பாங்காக் ஆசிய விளையாட்டிலும் ஆடினார். ஆசிய நட்சத்திர அணிக்கு இருமுறை தேர்வானார். 1967-ல் அர்ஜுனா விருது பெற்றார்.

ஆட்டத்தை விட்டபின் பயிற்சியாளரானார். பொகாரோ உருக்காலை நகரத்தில் தங்கிவிட்டார். 2008 நவம்பர் 24 அன்று, 72 வயதில், அங்கேயே காலமானார். ஜகார்த்தாவுக்குப் பிறகு ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா தங்கம் வென்றதில்லை.