புகைக்காதவருக்கும் வரும் புகை நோய்

பீடி, சுருட்டைத் தொட்டறியாதவருக்கும் நாட்பட்ட மூச்சடைப்பு நோய் வரும். இந்நோயாளரில் 25 முதல் 45 வீதமானோர் ஒருபோதும் புகைக்காதவர்கள் என 2009இல் ‘லான்செற்’ மருத்துவ இதழ்க் கட்டுரையொன்று மதிப்பிட்டது. முக்கிய காரணம் அடுப்புப் புகை, தூசும் துணைபோகும்.

1990இல் காங்கேசன்துறையை விட்டு இடம்பெயர்ந்தோர் பலர், முகாம்களின் சிறு கொட்டில்களுக்குள் ஆண்டுக்கணக்கில் விறகெரித்தே சமைத்தனர். அத்தகைய புகை சுவாசக் குழாய்களை வீங்கவைத்துச் சுருக்குகிறது. இழுத்த காற்று முழுமையாக வெளியேறாது. இழந்த சுவாச வலு மீளாது. மேலும் இழக்காமல் காக்கலாம்.

மாதக்கணக்கில் சளியுடன் இருமலும், நடக்கையில் இளைப்பும் இருந்தால், “வயதுதானே” என்று இருந்துவிடாதீர்கள். வைத்தியசாலையில் ஊதிப்பார்க்கும் பரிசோதனையைக் கேளுங்கள். காய்ந்த விறகையே எரியுங்கள். புகைபோக்கி வையுங்கள், இயலாவிடின் அடுப்பை வெளியே மாற்றுங்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பூதாதீர்கள்.