செவ்வாயில் மயங்கி விழுந்த கம்ப்யூட்டர்!

1997ம் ஆண்டு ஜூலை மாதம் 4ந் தேதி. அமெரிக்கா அனுப்பிய "பாத்ஃபைண்டர்" விண்கலம், காற்றுப் பைகள் சூழ, பந்துபோலத் துள்ளித் துள்ளிச் செவ்வாய்க் கிரகத்தில் இறங்கியது. படங்களும் வந்தன.

சில நாட்களில் விபரீதம்! கலத்திலிருந்த கம்ப்யூட்டர் திடீர் திடீரென்று நின்று, மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. நல்ல வேளையாகச் சேகரித்த தகவல்கள் அழியவில்லை. ஆனால் அன்றைய பாக்கி வேலைகள் மறுநாளைக்குத் தள்ளிப் போயின. ஒரு மாதத்துக்கென்று அனுப்பிய கலத்துக்கு ஒரு நாள் நஷ்டம் லேசான விஷயமா? போய்ப் பார்க்கலாமென்றால், கலம் இருப்பதோ சுமார் 19 கோடி கிலோ மீட்டர் தூரத்தில்!

நடந்தது என்ன?

ஒரே கம்ப்யூட்டர் பல வேலைகளைக் கவனிக்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் ஓர் "இழை". நம் கைப்பேசியிலும் அப்படித்தான். திரையைக் கவனிக்க முக்கிய இழை. படம் இறக்குவது போன்றவற்றுக்குப் பின்னணி இழைகள். ஒன்று செய்ததை மற்றொன்றிடம் ஒப்படைக்க வேண்டும். இரண்டும் ஒரே சமயத்தில் கை வைத்தால் கணக்குக் குழம்பிவிடும். ஆகவே கைமாறும் இடத்துக்குப் பூட்டு உண்டு, சாவி ஒன்றுதான்.

பாத்ஃபைண்டரில், கருவிகள் தரும் தகவலைப் பங்கிட்டுக் கொடுக்கும் இழை பெரியவர். வானிலை அளக்கும் இழை மிகச் சிறியவர். எப்போதாவது, சிறியவர் சாவியை எடுத்த சமயம் பார்த்து, நடுத்தர அந்தஸ்துள்ள இழைகள் "எங்கள் வேலை முதலில்" என்று அவரை நிறுத்திவிட்டன. சாவி அவர் மடியிலேயே! குமாஸ்தா சாவியோடு வெளியே போய்விட்டால் கலெக்டரும் வாசலில் நிற்கவேண்டியதுதானே? பெரியவர் நின்றார்.

வினாடிக்கு எட்டுத் தடவை எட்டிப் பார்க்கும் மேற்பார்வை இழை, பங்கீடு முடியாததைக் கண்டது. ஏதோ ஆபத்து என்று முடிவு கட்டி, கம்ப்யூட்டரையே நிறுத்தித் தொடங்க வைத்துவிட்டது!

கலிபோர்னியாவிலுள்ள ஜெட் உந்துவிசை ஆய்வுக் கூடத்தில், அதேபோன்ற இன்னொரு யந்திரத்தை ஓட்டி, அதே கோளாறை வரவழைத்துப் பிடித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், கலம் இறங்கும் முன்பே இது சோதனையில் தலைகாட்டியிருந்தது. மறுபடி வரவழைக்க முடியாததால் அப்போது பிடிபடவில்லை!

சிகிச்சை? சாவியைத் திருப்பித் தரும்வரை, காத்திருக்கும் பெரியவரின் அந்தஸ்தைச் சிறியவருக்கு இரவல் கொடுப்பது. அப்புறம் நடுவில் யாரும் அவரைத் தள்ள முடியாது. "விஎக்ஸ்வொர்க்ஸ்" என்ற அந்தக் கம்ப்யூட்டரின் இயக்க அமைப்பில் இந்த வசதி முன்பே இருந்தது. அணைத்து வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். திருத்தத்தை ரேடியோவில் அனுப்பினார்கள். பத்து நிமிடத்துக்கு மேல் பயணம் செய்து அது கலத்தை அடைந்தது. செப்டம்பர் 27ந் தேதி வரை பாத்ஃபைண்டர் தகவல் அனுப்பிக்கொண்டிருந்தது.