தலைமை நாற்காலிக்கும் நம்ம உடம்புக்கும் என்ன சம்பந்தம்?

உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் யாரைப் பார்க்கிறீர்கள்? தடுப்பூசி போடுபவர், கர்ப்பிணிகளின் விவரங்களைப் பதிவு செய்பவர், வீடு தேடி வந்து பிரஷர் மாத்திரை தருபவர் என்று பெரும்பாலும் பெண்கள்தான். உலகம் முழுக்க இதே நிலைதான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, சுகாதாரப் பணியாளர்களில் 10 பேரில் ஏறக்குறைய 7 பேர் பெண்கள். ஆனால் உயர் பொறுப்புகளில் 4 பேரில் ஒருவர்தான் பெண். 1948-ல் தொடங்கிய அந்த நிறுவனத்துக்கே 1998-ல்தான் முதல் பெண் தலைமை இயக்குநர் கிடைத்தார்.

"மேலே யார் உட்கார்ந்தா நமக்கென்ன?" என்று கேட்கிறீர்களா? இரண்டு உதாரணங்களைப் பாருங்கள்.

சோதனையில் இல்லாத பெண்கள்

குழந்தை பெறும் வயதுப் பெண்களைப் புதிய மருந்துகளின் ஆரம்பகட்டச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1977-ல் வழிகாட்டியது. கருவுக்குப் பாதிப்பு வரக்கூடாது என்பதே நோக்கம். ஆனால், மருந்து பெண் உடலில் எப்படி வேலை செய்கிறது என்ற தகவலும் குறைந்துபோனது. அந்தக் கட்டுப்பாடு 1993-ல்தான் தளர்ந்தது.

இடையில், 1991-ல் இதயநோய் மருத்துவர் பெர்னடின் ஹீலி, அந்நாட்டின் தேசிய சுகாதார ஆய்வு நிறுவனங்களுக்கு முதல் பெண் இயக்குநரானார். அதே ஆண்டில் பெண்களுக்கான பெரிய ஆய்வுத் திட்டம் ஒன்றை அறிவித்தார். அதில் 1.6 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சேர்ந்தார்கள். மாதவிடாய் நின்ற பிறகு பலர் சாப்பிட்டு வந்த ஒரு கூட்டு ஹார்மோன் மாத்திரை, மார்பகப் புற்றுநோய், பக்கவாத அபாயத்தைக் கூட்டுகிறது என்று 2002-ல் தெரியவந்தது. அதுவரை அந்த மாத்திரை இதயத்துக்கு நல்லது என்று நம்பியவர்களும் உண்டு!

தண்ணீர் வந்த கதை

இன்னொன்று நம் நாட்டிலேயே நடந்தது. 73-வது அரசியல் சாசனத் திருத்தத்தால் ஊராட்சிகளில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் கிடைத்தது. மேற்கு வங்கத்தின் பிர்பும், ராஜஸ்தானின் உதய்பூர் மாவட்டங்களில் ராகவேந்திர சட்டோபாத்யாய், எஸ்தர் டுஃப்லோ இருவரும் ஆய்வு செய்தார்கள். பெண் தலைவர்கள் இருந்த ஊராட்சிகளில் குடிநீருக்கு அதிக முதலீடு நடந்திருந்தது. குடம் சுமக்கிறவங்களுக்குத்தானே தூரம் தெரியும்? நல்ல தண்ணீர் வந்தால் வயிற்றுப்போக்கு குறையும். அதனால்தான் இதைப் பொது சுகாதார விஷயம் என்கிறோம்.

நீங்கள் செய்யக்கூடியது

தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் பெண்களுக்கு 50 சதவீத இடஒதுக்கீடு தர 2016-ல் சட்டம் வந்தது. ஆனால் நாற்காலி கிடைத்தால் மட்டும் போதாது. "தலைவர் அம்மாதான், ஆனா எல்லாத்தையும் வீட்டுக்காரர் பார்த்துக்குவார்" என்கிற பேச்சை நாமே கேட்டிருப்போம். அதை மாற்றும் இடம் கிராம சபை.

• ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் உறுப்பினர்தான்.
• பள்ளிக் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லையா? தெருக்குழாயில் தண்ணீர் கலங்கலா வருதா? எழுதியே எடுத்துட்டுப் போங்க.
• பெண் தலைவரிடம் கேட்ட கேள்விக்கு அவரே பதில் சொல்லட்டும் என்று சபையிலேயே கேளுங்கள்.
• உங்கள் கோரிக்கை தீர்மானப் பதிவேட்டில் ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

அடுத்த கூட்டத்துக்குத் தனியாகப் போக வேண்டாம். பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிட்டுப் போங்க.