வீட்டுச் சேவல் ஆளைக் கொத்தினால்

பால்மரத் தோட்டங்களில் நாம் வாழ்ந்த நாளில், லயத்து வீட்டின் பின்புறம் நான்கு பெட்டையும் ஒரு சேவலும் இல்லாத குடும்பம் அரிது. விருந்தாளி வந்தால் குழம்புக்கும், பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியத்துக்கும் அந்தக் கோழிகளே கைகொடுத்தன. பேராக் மாநிலத்தில் அந்த ரப்பர் தோட்டங்கள் பல இன்று செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. ஆயினும் சுங்கை சிப்புட், தாப்பா வட்டாரங்களிலும், ஈப்போவைச் சுற்றியுள்ள குடியிருப்புகளிலும் கொல்லையில் கோழி வளர்க்கும் பழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை.

கோழி வளர்ப்போர் பலரிடமும் கேட்கும் முறையீடு ஒன்று உண்டு. "குஞ்சாக இருந்தபோது மடியில் உட்கார்ந்த சேவல், இப்போது கொல்லைக்குப் போனாலே பாய்ந்து கொத்துகிறது, என்ன செய்வது?" என்பதே அது.

இதைக் கேட்டுச் சிரித்துவிடலாகாது. பெரியவரின் முழங்காலில் படும் சேவலின் முள், மூன்று வயதுக் குழந்தைக்கு முகத்தில் படும். கண்ணில் பட்டால் பார்வையே போய்விடக்கூடும். முதியோருக்கும் ஆபத்து உண்டு. ஆஸ்திரேலியாவில் முட்டை எடுக்கப் போன மூதாட்டி ஒருவரைச் சேவல் காலில் கொத்தியது. அங்கே புடைத்திருந்த நரம்பு உடைந்து, இரத்தம் பெருகி அவர் இறந்தார். அடிலைட் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் 2019-ஆம் ஆண்டில் இதை வெளியிட்டனர். பல காலம் நின்றே வேலை செய்து, காலில் நரம்பு சுருண்டு புடைத்திருக்கும் நம் பாட்டிமார்களை இங்கே நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

சேவல் ஏன் பாய்கிறது? நம் வீட்டுக் கோழிகளின் மூதாதை, மலாய்க்காரர்கள் 'ஆயாம் ஹூத்தான்' என்று அழைக்கும் செந்நிறக் காட்டுக்கோழி. இந்நாட்டுக் காடுகளிலும் தோட்ட ஓரங்களிலும் அது இன்றும் திரிகிறது. பருந்தும் பாம்பும் உடும்பும் சூழ்ந்த இடத்தில், தன் பெட்டைகளைக் காப்பது சேவலின் வேலை. அதன் வீரத்தை நம் முன்னோரும் மதித்தனர். யானையைச் சேவல் எதிர்த்து வென்ற இடமாதலால் உறையூருக்குக் கோழியூர் என்ற பெயர் வந்தது என்பார்கள். ஈப்போ கல்லுமலையில் நாம் வணங்கும் முருகனுக்கும் சேவற்கொடிதான்.

கோழிக் கூட்டத்தில் யார் பெரியவர், யார் சிறியவர் என்ற வரிசை ஒன்று உண்டு. நார்வே நாட்டு அறிஞர் ஷெல்டெருப்-எப்பே, சிறுவயது முதல் கோழிகளைக் கவனித்து, இந்தக் 'கொத்து வரிசை'யை 1920-களின் தொடக்கத்தில் விளக்கினார். ஐந்தாறு மாதத்தில் பருவத்துக்கு வரும் விடலைச் சேவல், இந்த வரிசையில் தன் இடத்தைத் தேடுகிறது. அதிகம் கொஞ்சி வளர்த்த சேவலுக்கு மனிதரிடம் அச்சம் இருப்பதில்லை. ஆகவே நம்மையும் அது மற்றொரு சேவலாக எண்ணிப் போட்டிக்கு அழைக்கிறது.

பாய்வதற்கு முன் அது அறிகுறி காட்டும். ஒரு சிறகைத் தாழத் தொங்கவிட்டு, பக்கவாட்டில் அடியெடுத்து நம்மைச் சுற்றும். கழுத்து இறகைச் சிலிர்க்கும். நாம் திரும்பி நடக்கும்போது பின்னால் வரும். இவற்றைக் கண்ட அன்றே விழித்துக்கொள்ள வேண்டும்.

அப்போது நாம் செய்யும் தவறுகள் இரண்டு. ஒன்று, அலறி ஓடுவது. ஓடினால் தானே வென்றதாகச் சேவல் கருதும். மற்றொன்று, உதைப்பதும் விளக்குமாற்றால் அடிப்பதும். அடித்தால் நாம் சண்டைக்கு ஒப்புக்கொண்டதாகவே அதற்குப் படும். மறுநாள் இன்னும் மூர்க்கமாக வரும்.

சரியான வழி, அசையாமல் நிற்பது. கூடை மூடியையோ வாளியையோ காலுக்கு முன் பிடித்துக்கொண்டு, அதன் மேல் ஒரு கண் வைத்தபடி, அது விலகும்வரை நின்று, பிறகு மெதுவாக நகர வேண்டும். கொல்லைக்குப் போகும்போது ரப்பர் பூட்ஸ் அணிவது நல்லது. தீனியைக் காலடியில் போடாமல் சற்றுத் தள்ளி வீசலாம். சேவலைப் பிடிக்க வேண்டுமானால், பகலில் துரத்தாமல் அது அடைந்த பின் இருட்டில் பிடிக்க வேண்டும். கோழிக்கு இருட்டில் கண் சரியாகத் தெரியாது, எளிதில் அடங்கும். சிறகு இரண்டையும் சேர்த்து அணைத்துத் தூக்கினால் படபடக்காது.

அப்படிப் பிடித்தபோது முள்ளின் கூர்மையை அரத்தால் தேய்த்து மழுக்கலாம். முள்ளின் உள்ளே எலும்பும் இரத்த ஓட்டமும் உண்டு. ஆகையால் நுனியை மட்டும் தேய்க்க வேண்டும், அடியோடு வெட்டலாகாது.

பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். சேவல் மிகுந்தால் பெட்டைகளின் முதுகு இறகு உதிர்ந்து தோல் புண்ணாகும், சண்டையும் ஓயாது. சேவல் இல்லாவிட்டால் பெட்டை முட்டையிடாது என்று நம்மில் சிலர் எண்ணுவது தவறு. குஞ்சு பொரிக்கத்தான் சேவல் தேவை, முட்டைக்குத் தேவையில்லை. எனவே மூர்க்கமான சேவலைத் தனியே வேலி கட்டி அடைத்துவிட்டாலும் முட்டை குறையாது. ஆனால் பஞ்சாரத்தில் நாள் முழுதும் கவிழ்த்து வைப்பது வதையாகும். நடமாட இடமும் நிழலும் தண்ணீரும் வேண்டும்.

இத்தனைக்கும் அடங்காத சேவலை என்ன செய்வது? சிறு பிள்ளைகளோ முதியோரோ உள்ள வீட்டில் அதை வைத்திருக்கலாகாது. குழம்புக்கு ஆக்குவதில் குற்றமில்லை. அதன் வித்தில் குஞ்சு எடுக்கவும் வேண்டா. மூர்க்க குணம் வழிவழியாக வரக்கூடியது. பிறருக்குக் கொடுப்பதானால் உண்மையைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். நல்ல விலை தருகிறார் என்று சண்டை விடுபவரிடம் விற்றுவிடாதீர்கள். விலங்குகளை மோதவிடுவதை 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் குற்றமாக்கியுள்ளது.

காயம் பட்டுவிட்டால் மஞ்சளோ காப்பித்தூளோ அப்ப வேண்டா. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பத்து நிமிடமேனும் கழுவுங்கள். முள் குத்திய காயம் வெளியே சிறிதாகவும் உள்ளே ஆழமாகவும் இருக்கும். கோழி மிதித்த மண்ணில் ரண ஜன்னிக் கிருமி இருக்கக்கூடும். ஆகவே கிளினிக்குக்குச் சென்று தடுப்பூசி வேண்டுமா என்று கேளுங்கள். புடைத்த நரம்பில் இரத்தம் பீறிட்டால், அவரைப் படுக்க வைத்துக் காலை உயர்த்தி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தபடி உதவிக்கு ஆளை அழையுங்கள். கண்ணில் பட்டிருந்தால் கசக்காமல், அழுத்தாமல், காகிதக் கிண்ணம் போன்ற ஒன்றால் கண்ணை மூடி, உடனே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

சேவல் தன் கடமையைத்தான் செய்கிறது. அதன்மேல் நமக்குக் கோபம் வேண்டா. அது தன் பெட்டைகளைக் காப்பது போல, நம் பிள்ளைகளைக் காப்பது நம் கடமை. இன்று மாலை கோழி அடையும் நேரத்தில், உங்கள் சேவலின் முள்ளை ஒரு முறை தொட்டுப் பாருங்கள். கூர்மையாக இருந்தால், நாளைக்குத் தள்ளிப் போடாமல் அப்பொழுதே அரத்தை எடுங்கள்.