பிராட்வே: பேருந்துக் காலமும் ரயில் காலமும்

1941 ஏப்ரலில் சியாட்டல் நகரின் டிராம்கள் ஓய்ந்தன. கேபிடல் ஹில் மேட்டின் பிராட்வே தெருவுக்கும் அதற்குப் பிறகு பேருந்துதான். 1966-இல் அதே தெருவில், ஒரு பழைய பள்ளிக் கட்டடத்தில் சமுதாயக் கல்லூரி தொடங்கியது. இன்று சியாட்டல் சென்ட்ரல் கல்லூரி என்று பெயர் பெற்றிருக்கும் அதன் மாணவர்கள் அரை நூற்றாண்டுக் காலம் பேருந்தையே நம்பி இருந்தார்கள்.

அன்று 43-ஆம் எண் பேருந்து நகர மையத்தில் புறப்பட்டு, மேடேறி, இந்தப் பகுதியைக் கடந்து வாஷிங்டன் பல்கலைக்கழகம் போய்ச் சேரும். மேலே கட்டிய கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்து ஓடும் வண்டி அது. மின்சாரம் எடுக்கும் கொம்பு கம்பியை விட்டு நழுவினால் ஓட்டுநர் இறங்கி மாட்டிவிட்டு வரவேண்டும். நெரிசல் நேரத்தில் எப்போது போய்ச் சேரும் என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது.

2016 மார்ச் 19 அன்று கேபிடல் ஹில் லைட் ரயில் நிலையம் திறக்கப்பட்டது. நகர மையத்திலிருந்து பல்கலைக்கழகம் வரையிலான பாதை முழுவதும், மதிப்பிட்ட 190 கோடி டாலருக்குள், குறித்த நாளுக்குச் சுமார் ஆறு மாதம் முன்னதாகவே முடிந்தது. நடைமேடை தெருவுக்கு ஏறத்தாழ 20 மீட்டர் கீழே இருக்கிறது. மூன்று வாசல்களில் ஒன்று கல்லூரி இருக்கும் பக்கமே திறக்கிறது. நகர மையத்திலிருந்து பல்கலைக்கழகம் போய்ச் சேர ரயிலில் பத்து நிமிடம்கூட ஆவதில்லை. தண்டவாளத்துக்கு மேலே, பிரித்தெடுத்த இரண்டு போர் விமானங்களால் ஆன சிற்பம் ஒன்று தொங்குகிறது.

பேருந்துப் பயணிக்கு வழிநெடுகக் கடைகள் தெரிந்தன, மழை தெரிந்தது, ஏறும் மேடும் தெரிந்தது. ரயில் பயணிக்குச் சுரங்கச் சுவர் மட்டுமே தெரிகிறது. ரயில் வந்த அதே மாதத்தில் 43-ஆம் எண் பேருந்தின் ஓட்டம் நெரிசல் நேரத்துக்குள் சுருங்கியது. கேபிடல் ஹில் நிலையத்துக்கும் பல்கலைக்கழக நிலையத்துக்கும் இடையே பேருந்து நின்று போன தெருக்களில் ரயில் நிற்பதில்லை.

நிலையம் கட்ட 2009-இல் பிராட்வேயில் கடைகளும் வீடுகளும் இடிக்கப்பட்டன. அந்த இடத்தில் இப்போது 428 வீடுகள் எழுந்திருக்கின்றன. அவற்றில் 178 வருமானம் குறைந்தவர்களுக்கான வாடகை வீடுகள். பழைய கடைகள் போனது இழப்புதான். ஆனாலும் வாடகை ஏறிக்கொண்டே போகும் ஒரு பகுதியில் இந்த 178 வீடுகள் சிறிய ஆதாயமல்ல.

ஆனால் இந்த ரயிலை நகரம் முன்பே பெற்றிருக்கலாம். 1968-இல் நகர ரயில் திட்டம் வாக்கெடுப்புக்கு வந்தது. பாதிப் பேர் ஆதரித்தும், தேவையான 60 சதவீதம் கிடைக்கவில்லை. 1970-இல் மறுபடியும் தோற்றது. மத்திய அரசு ஒதுக்கவிருந்த பணம் அட்லாண்டாவுக்குப் போனது. 1996-இல்தான் வாக்காளர்கள் ரயிலுக்குச் சம்மதித்தார்கள். 1968-இல் அந்தக் கல்லூரியில் படித்த இருபது வயது மாணவருக்கு, நிலையம் திறந்த ஆண்டில் வயது 68. இடிந்த கடைகளையும் குறைந்துபோன பேருந்தையும்விட, சியாட்டல் இழந்தவற்றுள் பெரியது அந்த 48 ஆண்டுகள்தான்.